அழுத்தத் திருத்தம்

கருங்கல் கல்லூரியின் பின்னறையில்
இரண்டு பெட்டிகள், ஒன்றின்மேல் ஒன்று.
மேலதும் கீழதும் ஒரே நொடியில் துடித்தால்
கணக்கில் ஒன்று ஏறும்.
ஒன்று மட்டும் துடித்தால் அது மணவாளக்குறிச்சி மணல்,
சுவர்ப்பூச்சோடு கலந்து உள்ளே வந்தது.
மண்ணுக்கு ஒரு சாட்சி. தள்ளுபடி.
வானத்துக்கு எப்போதும் இரண்டு.

நான் பிலோமி. ஆய்வகப் பணியாளர்.
இருபத்தாறு வருஷமாகக் காலை ஆறு மணிக்கு
பேரேடும் நானும்.

எங்கேயோ வெடித்த நட்சத்திரத்தின் பொடி
எங்கள் ஓட்டுக்கூரைக்கு வருமுன்
சூரியனைத் தாண்ட வேண்டும்.
அதன் முகத்தில் கரும்புள்ளி பெருகும் வருஷங்களில்
வரத்து குறையும்.
புள்ளி மறைந்து அது சும்மா கிடக்கையில் கூடும்,
களியக்காவிளை செக்போஸ்டில்
காவலர் கண்ணசரும் இரவில்
லாரிகள் போவதுபோல.

பதினொரு வருஷத்துக்கு ஒரு மலை.
2009இல் ஏறியது வேளிமலை மாதிரி, கூர்முனை.
அடுத்தது தட்டை.
ஏன் சார் என்று கேட்டேன்.
சூரியன் துருவம் மாற்றிக்கொள்கிறது என்றார் ஜாஸ்பர் சார்.
பிறகு டீ குடிக்கப் போனார்.

2003 ஐப்பசியில் எண் விழுந்தது.
மின்வழங்கி போச்சு என்று கழற்றிப் போட்டேன்.
ஏட்டில் எழுதினேன்: கருவி பழுது.
ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது,
பழுது பதினைந்து கோடி கிலோமீட்டர் தள்ளி.
அடித்து எழுதினேன். மை மாறியிருக்கும், பாருங்கள்.

காற்றும் நடுவில் நிற்கிறதே.
காற்று கனத்தால் எண் குறையும், லேசானால் கூடும்.
அதனால் பாரோமீட்டரைப் பார்த்து
தினமும் காற்றைக் கழிப்போம்.
சூரியன் மட்டும் மிஞ்சணும்.

அந்தக் கார்த்திகையில்
பாரோமீட்டர் என் கண்முன்னே இறங்கியது.
எண் ஏறியது. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.
வாழை முழுக்கச் சாய்ந்தது, கரண்ட் போனது,
பேட்டரியில் பெட்டிகள் துடித்தபடி இருந்தன.
சின்னத்துறையிலிருந்து தங்கலுக்குப் போன
என் தம்பி ததேயு
மேற்கே எங்கோ.

திங்கள்கிழமை கணினியில் திருத்தம் போட்டார்கள்.
அழுத்தம் கழிந்தது.
வரைபடத்தில் நேர்கோடு,
இழுத்துக் கட்டிய தூண்டில் கயிறு மாதிரி.
அந்த வாரம் உலகத்தில் ஒன்றும் நடக்கவில்லை.

திருத்தம் சரிதான்.
நானே இரண்டு தடவை சரிபார்த்தேன்.
குணகம் சரி. கழித்தலும் சரி.

அடுத்த மாதம் எனக்கு ஓய்வு.
பேரேடுகளை ஸ்கேன் செய்ய எடுத்துப் போகிறார்கள்.
திருத்திய பத்தி போதுமாம்.
திருத்தாததை எப்போதும் பென்சிலில்தான் எழுதுவோம்,
ஸ்கேனில் விழாது.

நேற்று சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு
அந்த ஒரு பக்கத்தை மட்டும்
பேனாவால் மேலெழுதினேன்.

எண்கள்தான்.
பேர் எதுவும் எழுதவில்லை.