கம்பி அறுந்தால்

சிக்கல் தாண்டி உடைமரக் காட்டுக்குள்
வண்டி நின்றபோது
சூட்டு முள் நடுவில்தான் இருந்தது.
நடுவில்,
நல்ல பிள்ளை மாதிரி.

ரேடியேட்டரில் ஒரு சொட்டு இல்லை.
நீரில் நனைந்திருந்தால்தான் அதற்குச் சூடு தெரியுமாம்.
நீர் போனபின் வெறும் ஆவியை முகர்ந்துகொண்டு
எல்லாம் சுகம் எல்லாம் சுகம் என்று
காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

இருபத்தாறு பெட்டி நீலக்கால் நண்டு.
ஐஸ் உருகித் தாரில் ஓடியது.
விடியலில் காகங்களுக்கு முன்னால் நாற்றம் வந்தது.
என்ஜின் தலை வளைந்ததற்கு முப்பத்தெட்டாயிரம்.
நண்டுக்கு இன்னும் நான் கணக்குப் போடவில்லை.

கேணிக்கரையில் குத்தூஸ் கடை.
பழைய காலண்டர் அட்டைமேல்
மூன்று சாமான்களைப் பரப்பினார்.

மிதவை ஒன்று. தொட்டிக்குள் கிடக்கும்,
தண்ணீரோடு இறங்கும், இறங்கினால் தகவல் தரும்.
"காரங்காட்டு போர்த் தண்ணிதான ஊத்துறீக?
ஆறு மாசம். அப்பறம் துருப்புடிச்சு
மேலயே நின்னுக்கிரும்."

இன்னொன்று வெளியே ஒட்டுவது.
ஓட்டை போட வேண்டாம், ஈரம் படாது,
சுவருக்கு இப்பாலிருந்தே நீரை அறியும்.
விலையும் அந்த மிடுக்கில்தான்.
"உள்ள உப்பு படிஞ்சிருச்சுன்னா
அந்தப் படிவையே தண்ணின்னு நெனச்சுக்கும்."

கடைசியாக ஒரு பித்தளை முனை.
அவ்வளவுதான், நானூற்றைம்பது ரூபாய்.
தண்ணீரைத் தொட்டிருக்கும்வரை பேசாது.
தொடுகை விட்டால் கத்தும்.

"கம்பியே அறுந்து போச்சுன்னா?" என்றேன்.
குத்தூஸ் பற்றவைக்கும் கோலைக் கீழே வைத்தார்.
"மொதல் ரெண்டும் பேசாம கெடக்கும்மா.
தண்ணி இருக்குன்னு நீங்க ஓட்டிக்கிட்டே இருப்பீக.
இது கத்தும்."

கொச்சிக்கு மேற்கே எங்கோ
சூரைக்குப் போயிருக்கிறான் ரெமிஜியுஸ். பதினோரு நாள்.
பேச்சில்லை என்றால் படகு ஓடுகிறது என்று பொருள்:
எங்கள் வீட்டு ஏற்பாடு அது.
யார் செய்த ஏற்பாடு என்று
அந்த ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தேன்.
நான்தான்.

பித்தளை, என்றேன்.
"உப்புக் காத்து. பச்சை பூத்துச்சுன்னா
பொய்யாவும் கத்தும். பெறகு என்னய ஏசக் கூடாது."
கத்தட்டும்.

விளக்கா, சத்தமா?
பங்குனி மதியத்தில் உப்பளத்து ஓரமாக
ஒருமுறை ஓட்டியவர் விளக்குக் கேட்க மாட்டார்.
மூன்று ஒலிகளை அழுத்திக் காட்டினார்.
ஒன்று கோழிக்குஞ்சு. ஒன்று பின்னால் வரும் பஸ்.
ஒன்று, தெருவில் போன ஆள் திரும்பிப் பார்த்தது.
அதையே கட்டச் சொன்னேன்.

எட்டாம் நாள் ராத்திரி இரண்டே காலுக்கு
ஏர்வாடி விலக்கில் கத்தியது.
கச்சான் காற்று கதவைத் திறக்க விடவில்லை.
தோளால் தள்ளி இறங்கி
தொட்டிக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்தேன்.
பச்சை நீர் கோட்டுக்கு மேலே,
தளும்பிக்கொண்டு.
பொய்.

முனையில் பூத்திருந்ததைக்
கயிறு அறுக்கும் கத்தியால் சுரண்டினேன்.
அடங்கியது.
நம்பாமல் கம்பியைப் பிடுங்கிப் பார்த்தேன்.
கத்தியது.
மறுபடி செருகினேன்.

பின்னால் பெட்டிகளுக்குள் ஐஸ் சரிகிற ஓசை.
போனை எடுத்தேன்:
நல்லாயிருந்தாலும் சொல்லு.

ஒற்றை டிக்.

சாயல்குடியில் டீ வாங்கும்போதும்
ஒற்றை டிக்.