பனி போட்ட கூலி

வெர்மான்ட்டில் எங்கள் ஊர்க் கணக்கில் ஒரு வரி:
பாலத்துக்குள் பனி அள்ளிப் போட்டதற்கு
ஆரின் டட்டிலுக்கு ஒன்றேகால் டாலர்.

கூரை வேய்ந்ததே உத்திரம் நனையாதிருக்க.
சறுக்குவண்டிக்கோ பனி வேண்டும்.
வெளியே கிடந்ததை
உள்ளே வாரிக் கொட்டினான் அவன், மார்ச் வரைக்கும்.

போன ஆகஸ்டில் ஒரு லாரி
உயரம் பார்க்காமல் நுழைந்து
முகப்பைப் பெயர்த்துக்கொண்டு போனது.
ஊர்க்கூட்டத்தில்
கான்கிரீட்டுக்கு முப்பத்தெட்டு கை,
மரத்துக்கு நாற்பத்தொன்று.
நான் கான்கிரீட்டுக்குத் தூக்கியவன்.

இன்று ஏணிமேலிருந்து டெல்ஃபினா:
"தோற்றவரே, அந்த முனையைக் கொஞ்சம் பிடியும்."

பிடித்தேன். நல்ல கனம்.
ஓக் முளை இறங்க இறங்க
உள்ளங்கை அதிர்ந்தது.

வெளியே முதல் பனி.
உள்ளே இருப்பதெல்லாம்
என் பூட்ஸில் ஒட்டி வந்ததுதான்.
கூலி எழுத வேண்டாம்.