எந்த வரிசைக்கு

மணிக்குப் பதினோரு வெள்ளி,
கறுப்புச் சட்டை கட்டாயம்.
புக்கிட் தீமா வளாகத்தில்
வியாழன் மாலை உரைகளுக்கு
மைக் தூக்கிக்கொண்டு ஓடுபவன் நான்.

கை உயரும் இடமெல்லாம் போகலாம்,
பிடியை மட்டும் விட்டுவிடக் கூடாது.
அவர்கள் கைக்குப் போனால்
திரும்பி வராது என்பது
மூன்று பருவத்து அனுபவம்.

இன்றைக்கு,
சிறிய நாடுகளும் பெரிய அலைகளும்.
பேராசிரியர் ஆஸ்முண்ட்
திரையில் வரைபடத்தை விரித்து
சிவப்பு ஒளிப்புள்ளியால்
மலாக்கா நீரிணையைத் தடவிக்கொண்டிருந்தார்.
புள்ளி நடுங்கியது.
குளிரூட்டி பதினெட்டில்.

கேள்வி நேரம்.
முதல் கை: கேள்வியில்லை, கருத்து.
இரண்டாவது: கருத்துகூட இல்லை,
தன் ஆய்வேட்டின் சுருக்கம்.
அடுத்த பையன் நடுநிலை என்ற சொல்லை
ஆறு முறை சொன்னான். எண்ணினேன்,
வேறு வேலையில்லை.

நான்காம் வரிசை ஓரத்தில் திருமதி கோ சியூ கெங்.
பையில் கம்பளிச் சால்வை, ஒரு காலி டப்பா
(கறிபஃப் இரண்டு அதில் போகும்,
நான் வேறு பக்கம் பார்ப்பேன்).
எல்லா உரைக்கும் வருவார்.
எல்லா உரையிலும் கை தூக்குவார்.
எல்லா உரையிலும் நேரம் முடிந்துவிடும்.

இன்று நெறியாளர் கடிகாரத்தைப் பார்த்து
"கடைசியாக ஒன்று, சுருக்கமாக" என்றார்.
ஓடினேன்.
அவர் எழுந்து சால்வையைச் சரிசெய்வதற்குள்
மைக்கின் பச்சை விளக்கு
சிவப்பாகி அணைந்தது.

இருந்தும் பேசினார்.
"சாங்கியில் இருபத்தெட்டு வருஷம்
முத்திரை குத்தினேன்.
ஒரு விடியற்காலை ஒருவன் வந்தான்.
அவன் விமானம் ஏறும்போது இருந்த நாடு
இறங்கும்போது இல்லை.
கடப்பிதழ் சரி, படம் சரி, தேதி சரி.
ஓரமாக நிற்கச் சொன்னேன்.
பின்னால் கூட்டம்.
அவனை நான்
எந்த வரிசைக்கு அனுப்பியிருக்க வேண்டும்?"

மேடைவரை போனது இரண்டே சொல்:
கடப்பிதழ். வரிசை.
பேராசிரியர் மலர்ந்துபோய்
விசா இல்லாப் பயணம் பற்றியும்
வட்டார ஒத்துழைப்பு பற்றியும்
நான்கு நிமிடம் பேசினார்.
கைதட்டல்.
திருமதி கோவும் தட்டினார்.
"ரொம்பக் குளிர்" என்றார், என்னிடம் மட்டும்.

மின்கலம் மாற்றாதது என் தவறு.
படிவத்தில்
கேட்கப்பட்ட கேள்விகள்: நான்கு
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நூற்று எழுபதாம் எண் பேருந்தில்
பாதிப் பேர் ஜொகூர் திரும்புகிறவர்கள்.
பக்கத்து இருக்கையில்
பாதுகாவலர் சீருடையில் ஒருவர்,
சட்டைப்பையில் சிவப்பு அட்டை எட்டிப் பார்க்க
அசந்து தூங்கினார்.
ஹில்வியூ தாண்டியதும் திடுக்கிட்டு
அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு
மறுபடி தூங்கினார்.

நான் புக்கிட் பாஞ்சாங்கில் இறங்கிவிட்டேன்.
பேருந்து உட்லண்ட்ஸ் பக்கம் போனது,
வரிசையில் நிற்க.