பத்து வரை

காவலாளியின் சட்டையில் 'தாண்டோ' என்று பெயர்.
ஜூலுவில் அன்பு என்று அர்த்தமாம்.
எனக்கு என்னவோ 'தாண்டு' என்றே கேட்டது.
"ஒரு தடவைக்கு ரெண்டு பேர்.
சேர்ந்தாற்போல் அடி வைக்காதீங்க,
பாலம் துள்ளும்" என்றான்.

சேர்ந்தாற்போல் நாங்கள் என்றைக்கு நடந்தோம்?
தயாளன் எப்போதும் பத்தடி முன்னால்,
கடையில், கல்யாணத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில்.
இன்றும் அப்படியே போனார்,
போர்ட் ஷெப்ஸ்டனில் கரும்பு லாரி ஓட்டுகிற
தோளை ஆட்டிக்கொண்டு.

நடுப்பாலத்தில் நின்றுவிட்டார்.

கீழே ஓரிபிப் பள்ளத்தாக்கு.
மரங்களின் உச்சந்தலை மட்டும்.
அதற்கும் அடியில் ஆறு,
யாரோ தவறவிட்ட பாவாடை நாடா மாதிரி.
ஒரு கழுகின் முதுகை
முதன்முதலாக மேலிருந்து பார்த்தேன்.
அவர் பார்க்கவில்லை.
கம்பியைப் பிடித்த விரல்களில் ரத்தமே இல்லை.

விலகிப் போக இடம் கிடையாது.
எதிரே அவர் பிடரி,
சலூன்காரன் விட்டுவைத்த மூன்று நரை.
இருபத்தாறு வருஷத்தில்
இவ்வளவு நேரம் அதைப் பார்த்ததில்லை.

"ஒண்ணு" என்றேன்.
ஒரு பலகை நகர்ந்தார்.
"ரெண்டு."
அவருக்குத் தெரிந்த தமிழ் பத்து வரைதான்.
பத்து முடிந்ததும் மறுபடி ஒண்ணு.
எத்தனை பத்து என்று நான் எண்ணவில்லை.

அக்கரையில் தண்ணீர் குடித்துவிட்டு
"உன் நடையிலதான் ஆடிச்சு" என்றார், இங்கிலீஷில்.
ஆகட்டும்.
பிரியாணி டப்பா காரில் இருக்கிறது,
கார் அந்தக் கரையில்.

திரும்பும்போதும் அவர்தான் முன்னால்.
முதல் பலகையில் காலை வைக்காமல்
நின்றுகொண்டே இருந்தார்,
முகம் திருப்பாமல்,
காது மட்டும் என் பக்கம்.