காண்க: கை

மாலை ஐந்தே முக்கால்.
மின்விசிறிகளை ஒவ்வொன்றாய் அணைத்துக்கொண்டிருந்தேன்.
சமூக மருத்துவத் துறையிலிருந்து
டாக்டர் ஜுலைகா பேசினார்.
நாளை ஒன்பது மணிக்கு வகுப்பாம்.
கடலில் வேலை செய்பவர்களின் கைக்காயங்கள்.
கட்டுரை இரண்டு மூன்று, படம் ஐந்தாறு.
"நம்ம ஊர்க் கையா இருந்தா நல்லது சார்."

விசிறிகளை மறுபடி போட்டேன்.

ராமநாதபுரத்தில் நூலகர் என்றால்
பாதி வேலை இரும்பு அலமாரியோடு வழக்கு.
கடல் எட்டுப் பத்து கிலோமீட்டர் தள்ளித்தான்,
ஆனால் உப்புக்கு உறுப்பினர் அட்டை தேவையில்லை.
உடற்கூறியலின் முதுகிலெல்லாம் துரு.
சந்தா கட்டிய தரவுத்தளங்கள் நான்கு,
கடவுச்சொல்லை மறந்த பேராசிரியர்கள்
நேற்றுவரை நாற்பத்தொருவர்.

தேடினேன்.
நார்வே வந்தது: பனியில் மரத்த விரல்கள்.
கனடா வந்தது: நண்டுக் கூண்டில் நசுங்கிய கட்டைவிரல்,
இளஞ்சிவப்பாய், நல்ல வெளிச்சத்தில்.
எங்கள் கடல் எவர் விரலையும் உறைய வைத்ததில்லை.
ஊற வைக்கும், கிழிக்கும்,
கிழித்த இடத்தில் உப்பு வைக்கும்.

கடற்பாசி என்று தட்டினேன்.
உரம் வந்தது, ஐஸ்கிரீம் வந்தது,
பாசியைக் காய்ச்சி எடுக்கும் அகார் வந்தது.
மூன்றாம் மாடி ஆய்வகத்தில்
மாணவர்கள் கிருமி வளர்க்கும் தட்டில்
தினமும் ஊற்றுகிறார்களே, அதே அகார்.
அதற்கு ஆறாயிரத்துச் சொச்சம் கட்டுரைகள்.
அந்தப் பாசியைப் பிடுங்கும் கைக்கு
எங்கள் சந்தாவுக்குள்
பூச்சியம்.

"என்ன சார், இன்னும் கிளம்பலையா?"
துடைப்பக்குச்சியோடு பூமயில்.
(அவள் பெயர் அதுவல்ல. ஏன் என்பது பிறகு வரும்.)
ஒப்பந்தக் கூலி. ஏர்வாடிப் பக்கத்திலிருந்து பேருந்தில் வருகிறவள்.
மாதத்தில் பாதி நாள் வராதவள்.
வராத நாளுக்கெல்லாம் பதிவேட்டில்
சிவப்பு வட்டம் போட்டது நான்.
அன்றுதான் அந்த வட்டங்களை வரிசையாய்ப் பார்த்தேன்.
அமாவாசையை ஒட்டிச் சில, பௌர்ணமியை ஒட்டிச் சில.
நீர் வற்றும் நாளெல்லாம் அவள் தீவோரம் முங்கியிருக்கிறாள்.
நூலகத்தில் இருந்த ஒரே தரவு
என் கையெழுத்தில்தான் இருந்தது.

சொன்னேன். கேட்டாள்.
கையைப் புடவையில் துடைத்து
நகலெடுக்கும் கண்ணாடியில் கவிழ்த்து வைத்தாள்.
மூடியை மூட முடியவில்லை.
பச்சை வெளிச்சம் விரல்களுக்கடியில் மெல்ல ஊர்ந்து போனது.

"பேரு போடாதீங்க. ஊரு போடுங்க.
சும்மா காயம்னு எழுதாதீங்க சார்.
இது கல்லு கிழிச்சது.
இது முள்ளு குத்தி உள்ளயே முறிஞ்சது.
இது துணி சுத்திச் சுத்தி வெந்தது,
இதுதான் ராத்திரி தூங்க விடாது."

எழுதிக்கொண்டேன். கடைசிப் பேருந்துக்கு ஓடினாள்.

வகுப்பு எப்படிப் போனது, நான் பார்க்கவில்லை.
காலை முழுக்க யுபிஎஸ் பழுது.
மதியம் இரண்டு மாணவர்கள் வந்து
இது சம்பந்தமா வேற என்ன இருக்கு என்றார்கள்.
இதுதான் இருக்கு என்றேன்.

பட்டியலில் சேர்க்க உட்கார்ந்தால்
பொருள் தலைப்புகளில் அந்தச் சொல்லே இல்லை.
பாசி எடுப்போர், கைகள் என்று
நானாக ஒன்று எழுதினேன்.
அகார் என்ற பதிவின் கீழே ஒரு வரி சேர்த்தேன்:
காண்க: கை.

அடுத்த அமாவாசை முடிந்து வந்தாள்.
சம்பளத்தில் ஏழு நாள் கழித்திருந்தது அலுவலகம்.
நான் எழுதிய கடிதம் மேசை மேசையாய்ப் போகிறது.
அதைப் பற்றி அவள் பேசவில்லை.
"அன்னைக்கு என் கைய வச்சுப் பாடம் எடுத்தாங்கல்ல,
வெந்ததுக்கு என்ன போடணும்னும் சொன்னாங்களா?"

தெரியவில்லை.
ஆசிரியர் கோரிக்கைப் பதிவேட்டைத் திறந்தேன்.
கேட்டவர் என்ற கட்டத்தில் இதுவரை
பேராசிரியர், இணைப் பேராசிரியர், உதவிப் பேராசிரியர்.
அதற்கடியில் அவளுடைய உண்மைப் பெயர்.
அனுப்பியது: டாக்டர் ஜுலைகாவுக்கு.
நிலை: நிலுவையில்.