ஏழாம் எண் கலம்

சுவர்க் கடிகாரம் நின்று மூன்று நாள் ஆகிறது.
உலைக்கு அது தெரியாது.
இரவு இரண்டு பத்து. ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு டிகிரி.
பேனாவில் மை இறுகிவிட்டது;
வெந்நீர் வெளியேறும் குழாயோடு சேர்த்துப் பிடித்து
இளக்கி எழுதினேன்.

இரண்டு உலோகச் சுவர்கள். நடுவே
நகத்தின் கனம்கூட இல்லாத இடைவெளி,
அதில் கொஞ்சம் சீசிய ஆவி.
சூட்டுச் சுவரில் எலக்ட்ரான்கள் கொதித்துக் கிளம்பி
எதிர்ச் சுவரில் போய் விழுகின்றன.
அந்தத் தாவல்தான் மின்சாரம்.
சுழல்வது ஏதுமில்லை, ஆகவே
தேய்வதும் ஏதுமில்லை என்கிறது வரைபடம்.
வரைந்தவர்கள் இரவுப் பணிக்கு வருவதில்லை.

மாலிப்டினம் வீங்கும்.
மயிரிழை வீங்கினால் போதும், சுவர் சுவரைத் தொடும்,
தாவ இடமில்லை.
மூன்றாம் எண் ஈஸ்டர் அன்று அப்படிப் போனது.
ஐந்தாம் எண்ணில் பீங்கான் வளையம் விரிந்தது.
ரிம்மா லுவோவ்னா அதை அறுத்து,
உருப்பெருக்கியில் வெகுநேரம் பார்த்துவிட்டு,
"நேர்மையாகச் செத்திருக்கிறது" என்றாள்.

சம்பளம் வந்து நான்கு மாதம்.
கிளெப் கோட்டுப் பையில் உருளைக்கிழங்கு கொண்டுவருவான்.
வெற்றிடப் பம்ப்பின் அடிச்சூட்டில் சுடுவோம்.
விண்கலத்துக்கென்று பிறந்த பொருள்
ஒரு கை தூரத்தில் வெந்துகொண்டிருக்கும்,
எங்களுக்குத் தோல் கருகும் வாசனை.

டிசம்பரில் மின்நிலையத்திலிருந்து தொலைபேசி:
நாளை ஆறிலிருந்து எட்டு வரை வெட்டு.
எட்டாயிரத்து எழுநூறு மணி ஓடியிருந்தது.
அணைத்து மூட்டினால் வளையம் தாங்காது.
"என் வீட்டை வெட்டுங்கள்,
வசந்தம் வரை வெட்டுங்கள்" என்று கத்தினாள் ரிம்மா.
மறுமுனையில் ஏற்கெனவே வைத்துவிட்டார்கள்.

மதிலுக்கு அப்பால் ரொட்டித் தொழிற்சாலை.
அங்கே ஒரு டீசல் ஜெனரேட்டர்.
லென்ஸ் துடைக்கும் சாராயம் ஆறு லிட்டர்
பனியில் சறுக்குவண்டியேறிப் போனது;
கேபிள் ஒன்று மதிலேறி வந்தது.
மாற்றிப் பூட்டப் பதினொரு விநாடி.
நாற்பது டிகிரி இறங்கி, நின்று, ஏறியது.
வரைதாளில் இன்றும் அந்த இடம்
ஓட்டைப் பல் மாதிரி இருக்கிறது.
அன்றைய ரொட்டி அடி வேகவில்லையாம்.
ஊரில் யாரும் காரணம் கேட்கவில்லை.

பதிவேட்டில் பக்கத்துக்குப் பக்கம்
தலைப்பில் அச்சடித்த நாட்டின் பெயர்.
ஜனவரி முதல் தேதி கிளெப் கேட்டான்:
"இதை அடித்துவிடவா?"
அளவெடுக்கும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது.
அந்தப் பெயருக்குக் கீழேயே எழுதினேன்:
எட்டாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு மணி.
கசிவு இல்லை.
மின்னோட்டம், போன வாரத்தைவிடச் சற்றுக் குறைவு.