இடது பெட்டி

இன்றைக்கும் வரவில்லை.
கோயமுத்தூர் வந்து சேர்ந்தது என்று செவ்வாய்க்கிழமை காட்டியது போன்.
புதன் காலையில் பார்த்தால் திருப்பூர்.
கருமத்தம்பட்டி மேலேதானே போயிருக்கும்,
சித்தெ நிறுத்தி இறக்கிட்டுப் போனா ஆகாதுங்களா
என்கிறாள் தமயந்தி, போனைப் பார்த்தே.

கம்பியில்லாத ஸ்பீக்கர், ஒரு ஜோடி.
சொம்பு உயரம்தான் இருக்கும்.
விலை சொல்ல மாட்டேன்.
தறி நின்ற ஒன்பதாம் நாள் ராத்திரி
தூக்கம் பிடிக்காமல் அழுத்தியது.
கூலி உயர்வுக்கு ஊரே தறியை நிறுத்தியிருக்க
பாட்டுப்பெட்டி வாங்குகிறான் பார் என்று
சோமனூர் முழுக்கப் பேசும்.
பேசட்டும் என்றுதான் அன்றைக்குத் தோன்றியது.

எட்டுத் தறியும் ஓடாத வீட்டில்
கடிகாரம் நடப்பது கேட்கிறது.
பக்கத்து வீட்டு மிக்ஸியில் அரைவது
தேங்காயா உளுந்தா என்று சொல்லிவிடுகிறாள் இவள்.
எனக்கு வலது காதில் மட்டும்.
இடது காதை நாலாம் நம்பர் தறி
பதினாறு வருடம் முன்பே வாங்கிக்கொண்டது.

மச்சினன் மௌலீஸ்வரன் பயம் காட்டுகிறான்:
அது எந்நேரமும் ஒட்டுக் கேக்குமுங்க மாமா,
நீங்க பேசறது பூரா எங்கியோ போயிருமுங்க.
போகட்டும்.
இந்த வீட்டில் பேச்சு விரலில்தான்.
இரண்டு விரல் மடக்கினால் நூல் அறுந்தது.
உள்ளங்கை காட்டினால் சாப்பிட வா.
கட்டைவிரலால் தாடையைத் தேய்த்தால்
உன் அண்ணன் வந்திருக்கிறான், முகத்தைச் சிரித்த மாதிரி வை.
சண்டை கூட அப்படித்தான் போட்டோம் இருபது வருடம்.
ஒட்டுக் கேட்பவன் முதலில் தறி ஓட்டப் படிக்க வேண்டும்.

என் கவலை வேறு.
வைஃபை பெட்டி முன்னறையில், நடுவில் ஹாலோ பிளாக் சுவர்.
சுவர் தாண்டினா விட்டு விட்டுக் கேக்கும்ப்பா
என்கிறாள் பெருந்துறை ஹாஸ்டலில் இருந்து ஸ்ரீவர்ஷா.
கரண்ட் போய் வந்தால் எங்களை மறந்துவிடுமா?
ஒவ்வொரு முறையும் புதிதாகப் பேர் சொல்ல வேண்டுமா?
வலைத்துணியில் பஞ்சு படிந்தால் ஏர் அடிக்கலாமா?
கேட்டால் சிரிக்கிறாள்.

பெரிய கவலையை அவளிடம் சொல்லவில்லை.
ஒன்று இடது, ஒன்று வலது என்று போட்டிருக்கிறது.
வயலினை இடது பக்கம் அனுப்பினால்
எனக்கு அந்தப் பாட்டில் வயலினே கிடையாது.
முழு விலை கொடுத்து அரைப் பாட்டு.

தமயந்திக்குத் தெரிந்துவிட்டது, எப்படியோ.
இடதை அடுப்படியில வெச்சுக்கறனுங்க என்றாள்.
எனக்கு வந்தத நான் சொல்றேன்,
உங்களுக்கு வந்தத நீங்க சொல்லுங்க.
வயலினை எப்படிச் சொல்வாய் என்றேன்.
மாவுக்கையை உயர்த்தி யோசித்தாள்.
ஊடைநூல் ஓடும் கை அசைவில் தொடங்கி
பாதியில் அதை மெதுவாக்கி
எங்கோ கொண்டுபோனாள்.
அந்தச் சைகை எங்களிடம் இதுவரை இல்லை.

வெள்ளிக்கிழமை பேச்சுவார்த்தை.
கலெக்டர் ஆபீஸ், சங்கத்தார் போகிறார்கள்.
பெட்டியும் வெள்ளிக்கிழமை என்கிறது போன்.
கூலி ஒத்துவந்தால் சனிக்கிழமையே தறி ஓடும்.
ஓடினால் அடுப்படியில் வயலினாவது ஒன்றாவது.
இரண்டும் நடக்கட்டும் என்றுதான் கும்பிடுகிறேன்.
ஒரு நாள், ஒரே ஒரு நாள்
பெட்டி முந்தி வரட்டும் என்று
சாமியிடம் வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
எட்டு வீட்டு அரிசி அந்தப் பேச்சில் இருக்கிறது.

வெளியே வண்டிச் சத்தம்.
ஒற்றைக் காதுக்குத் திசை தெரியாது.
எழுந்து நின்று அவள் முகத்தைப் பார்க்கிறேன்.
சன்னலில் எட்டிப் பார்க்கிறாள்,
இன்னும் கொஞ்சம் எட்டி.
பிறகு திரும்பி, எனக்காக,
இரண்டு கையாலும் மடி பீய்ச்சிக் காட்டுகிறாள்:
பால் வண்டி.